ஊட்டிக் குளிருக்கும் மழைக்கும் எந்த இன்ஹேலர்? ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. தினசரி மருந்துகள்: ஓர் ஒப்பீடு

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நீலகிரியில் வாழும் ஓர் ஆஸ்துமாக்காரரால் ஒரே ஒரு பம்புதான் வாங்க முடியும் என்றால், அது மூச்சுக்குழாயை விரிக்கும் ஃபார்மோடெராலும் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டான புடெசோனைடும் கலந்த பம்பாக இருக்கட்டும். அதோடு ஒரு ஸ்பேசர், அதாவது பம்புக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் பிளாஸ்டிக் குழல். சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு மூச்சுக்குழாயை நாள் முழுக்க விரித்து வைக்கும் டையோட்ரோபியம் அல்லது கிளைகோபைரோனியம்தான் அடித்தளம். மற்ற மருந்துகள் தேவையைப் பார்த்து அதன்மேல் சேர்க்க வேண்டியவை. கேப்சூல் போட்டு இழுக்கும் கருவிகள் விலையில் ஜெயிக்கின்றன, ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான கூடலூர், ஊட்டி மழையில் தோற்கின்றன. இந்த முடிவுகளுக்குக் காரணமும், யாருக்கு இவை பொருந்தாது என்பதும் கீழே. எந்த மாற்றத்தையும் உங்கள் டாக்டரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள். பேசப் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்கத்தான் இவ்வளவு விவரம்.

அஸ்தாலின் மட்டும் போதாது

"இழுப்புக்குப் பம்பு" என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது அஸ்தாலின், லெவோலின். முதலாவதில் சால்பூட்டமால், ஒரு அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம். இரண்டாவதில் லெவோசால்பூட்டமால், 50 மைக்ரோகிராம். சுருங்கிய மூச்சுக்குழாய்த் தசையைச் சில நிமிடங்களில் தளர்த்திவிடும். நாலு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். ஆனால் ஆஸ்துமாவின் வேர் மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள அழற்சி. அதை இந்த மருந்து தொடுவதே இல்லை. வீக்கம் உள்ளே ஏறிக்கொண்டே போக, மேலே தசை மட்டும் தளர்ந்திருக்கும். ஒருநாள் பம்பு பலிக்காமல் போகும்போதுதான் ஆளுக்கு விஷயம் புரியும். உலக ஆஸ்துமா வழிகாட்டுதலான ஜினா, 2019 முதல் சால்பூட்டமாலை மட்டும் வைத்து ஆஸ்துமாவைச் சமாளிக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். 200 அழுத்தம் கொண்ட பம்பு ஒரு வருடத்தில் மூன்று தீர்ந்தாலே கடும் தாக்குதலுக்கான அபாயம் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பம்பு என்றால் பயந்து மாத்திரை கேட்பவர்கள் இன்னும் உண்டு. கணக்கைப் பாருங்கள். சால்பூட்டமால் மாத்திரை ஒன்று 2 அல்லது 4 மில்லிகிராம். அதாவது 2,000 முதல் 4,000 மைக்ரோகிராம். பம்பின் இருபது முதல் நாற்பது அழுத்தத்துக்குச் சமம். அது ரத்தம் வழியாக உடல் முழுக்கச் சுற்றி, கையை நடுங்க வைத்து, நெஞ்சைப் படபடக்க வைத்துவிட்டு, மிச்சத்தை நுரையீரலுக்குக் கொடுக்கும். "பம்பு பழகினால் விட முடியாது, அது கடைசி மருந்து" என்ற பேச்சு தலைகீழானது. இருப்பதிலேயே சின்ன அளவில், நோய் இருக்கும் இடத்துக்கே நேராகப் போவது பம்புதான்.

ஃபோராகார்ட், புடமேட்: ஆஸ்துமாவுக்கு முதலிடம்

இரண்டிலும் இருப்பது ஃபார்மோடெரால், புடெசோனைட் கூட்டு. பெட்டியில் போட்டிருக்கும் 100, 200, 400 என்பது புடெசோனைட் என்ற ஸ்டீராய்டின் அளவு மட்டுமே. ஃபார்மோடெரால் மூன்றிலும் 6 மைக்ரோகிராம்தான். இது தெரியாததால் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: 200ஐ இரண்டு அழுத்தம் போட்டுக்கொண்டிருந்தவர், "400 வாங்கினால் ஒன்று போதும், பணம் மிச்சம்" என்று மாற்றிக்கொள்கிறார். ஸ்டீராய்டு கணக்கு சரியாகிவிடும். மூச்சுக்குழாயை விரிக்கும் ஃபார்மோடெரால் பாதியாகிவிடும். பிறகு "இந்த பேட்ச் வேலை செய்யவில்லை" என்று மருந்தின்மேல் பழி விழும்.

இந்தக் கூட்டுக்கு நான் முதலிடம் தரக் காரணம் ஃபார்மோடெராலின் வேகம். சில நிமிடங்களிலேயே வேலையைத் தொடங்கி, பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். அதனால் அன்றாடத்துக்கும் அவசரத்துக்கும் ஒரே பம்பு போதும். டாக்டர் அப்படி எழுதித் தந்தால் காலை, இரவு வழக்கமான அளவு. நடுவில் இரைப்பு வந்தால் அதிலிருந்தே ஒரு அழுத்தம். ஒவ்வொரு அவசர அழுத்தத்தோடும் கொஞ்சம் ஸ்டீராய்டும் உள்ளே போவதால், தசை தளரும்போதே அழற்சிக்கும் மருந்து கிடைத்துவிடுகிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளின் மொத்த உச்சவரம்பு ஃபார்மோடெரால் 72 மைக்ரோகிராம், அதாவது பன்னிரண்டு அழுத்தம். அந்த எல்லையை நெருங்கும் நாளே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாள். இந்த முறைக்கு 100 அல்லது 200தான் பொருந்தும். 400ஐ அவசரத்துக்கு எடுக்கக் கூடாது. ஸ்டீராய்டு அளவு கட்டுமீறும்.

தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் இருப்பவருக்கு இரண்டு பம்புக்குப் பதில் ஒன்று என்பது சின்ன விஷயம் இல்லை. கொழுந்து பறிக்கப் போகும்போது பையில் எதை எடுத்துப்போவது என்ற குழப்பமே வராது.

செரோஃப்ளோ, செரிடைட்: நல்ல மருந்து, ஒரு நிபந்தனையோடு

மூச்சுக்குழாயை விரிக்கும் சால்மெடெராலும் ஸ்டீராய்டான ஃபுளூட்டிகசோனும் சேர்ந்தது. அழற்சியை அடக்குவதில் முந்தைய கூட்டுக்குக் குறைந்ததல்ல. வித்தியாசம் வேகத்தில். சால்மெடெரால் வேலை தொடங்க கால் மணி நேரமும் அதற்கு மேலும் ஆகும். இரைப்பு வந்த நேரத்தில் இதை எடுத்துவிட்டுக் காத்திருப்பது ஆபத்து. இன்னொரு அவசரப் பம்பு கட்டாயம் கையில் வேண்டும். காலை, இரவு தவறாமல் எடுக்கும் பழக்கம் உள்ள, நோய் ஒரே நிலையில் நிற்கும் ஆளுக்கு இதிலிருந்து மாற வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. நன்றாக இருப்பவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ஸ்டீராய்டு இல்லாமல் சால்மெடெராலோ ஃபார்மோடெராலோ தனியாக ஆஸ்துமாவுக்கு எடுக்கக் கூடாது. 2006ல் வெளியான ஸ்மார்ட் ஆய்வில், வழக்கமான மருந்தோடு சால்மெடெரால் சேர்த்தவர்களிடம் ஆஸ்துமா மரணங்கள் கூடுதலாகப் பதிவாயின. "ஸ்டீராய்டு இல்லாத பம்பு கொடுங்கள்" என்று கேட்டு வாங்குபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஸ்டீராய்டு மட்டும் உள்ள புடெகார்ட், லேசான ஆஸ்துமாவுக்கும் குழந்தைகளுக்கும் இன்னமும் நல்ல மருந்து. அதன் பலன் தெரிய சில நாள் முதல் சில வாரம் பிடிக்கும். மூன்றாம் நாளே நிறுத்திவிடுவதுதான் அதற்கு நேரும் கதி.

பம்பா, கேப்சூலா, வட்டக் கருவியா

மலையில் வாழ்பவர் மருந்தின் பெயரைவிட அதிகமாக யோசிக்க வேண்டிய இடம் இது. ஒரே மருந்து, கருவி மாறினால் உள்ளே போகும் அளவே மாறிவிடும்.

முதலில் கேப்சூல்: ரோட்டாஹேலர், ரெவொலைசர், லூப்பிஹேலர் வகை. விலை குறைவு, எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பார்த்துவிடலாம். ரோட்டாஹேலரில் கேப்சூலின் கண்ணாடி போன்ற முனை முதலில் உள்ளே போகும்படி சதுரத் துளையில் தள்ளி, மேல் மட்டத்தோடு சமமாக நிற்கவிட்டு, அடிப்பகுதியைத் திருக வேண்டும். மூச்சை வெளியே விடுங்கள், கருவிக்குள் ஊதிவிடாதீர்கள். பிறகு வாயில் வைத்து வேகமாகவும் ஆழமாகவும் ஒரே இழுப்பு. பத்து நொடி அடக்குங்கள். திறந்து பாருங்கள், பொடி ஒட்டியிருந்தால் மறுபடி இழுங்கள். இந்தக் கருவிகளில் மருந்தை உடைத்துத் தூளாக்கும் சக்தி உங்கள் மூச்சுதான். எழுபது வயது சி.ஓ.பி.டி. நோயாளியிடம், கடும் இரைப்பின் நடுவே, அந்த வேகம் இருக்காது.

அடுத்து ஈரம். பொடி ஈரத்தை உறிஞ்சினால் கட்டிபிடிக்கும். கட்டி நுரையீரலுக்குப் போகாது, தொண்டையில் படிந்து நிற்கும். கேப்சூல் ஓடும் ஈரத்தில் மெத்தென்று ஆகி, சரியாகப் பிளக்காது. ஆகஸ்டில் ஊட்டியில் துவைத்த சட்டை எப்போது காயும் என்று தெரிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வாரத்துக்கென்று கேப்சூலை எண்ணி மாத்திரை டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். அதன் பாட்டிலிலேயே, மூடி இறுக்கி, சமையலறைக்கும் குளியலறைக்கும் தூரத்தில் இருக்கட்டும். இழுக்கும் நொடிக்கு முன்புதான் எடுக்க வேண்டும். ரோட்டாஹேலரைக் கழுவினால் முழுசாகக் காயாமல் தொடக்கூடாது. சமவெளியில் ஒரு மதியத்தில் காய்வது குன்னூர் மழையில் இரண்டு நாள் எடுக்கும். அதனால் இரண்டு கருவி வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதே வழி. கருவியின் விலை ரொம்பக் குறைவுதான். கேப்சூலை விழுங்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள். புதிதாக வாங்குபவருக்குக் கடைக்காரர் ஒருமுறை செய்து காட்டினாலே இது நின்றுவிடும்.

வட்டக் கருவியான செரிடைட் அக்குஹேலரில் ஒவ்வொரு வேளை மருந்தும் தனித்தனி அலுமினியக் குமிழில் அடைபட்டிருக்கிறது. எண் காட்டியும் உண்டு. பொடிதான் வேண்டும் என்றால் மழைக்காலத்துக்கு இதுதான் பாதுகாப்பு. புடெசோனைட்-ஃபார்மோடெரால் பொடி உள்ள சிம்பிகார்ட் டர்புஹேலரை ஆட்டினால் உள்ளே சலசலக்கும். அது மருந்து இல்லை, ஈரம் உறிஞ்சும் பொருள். காலியான பிறகும் அதே சத்தம் கேட்கும். எண் காட்டியை மட்டும் நம்புங்கள். மூன்று மருந்து சேர்ந்த பொடிக் கருவியான டிரெலெஜி எலிப்டாவை அலுமினியத் தட்டிலிருந்து பிரித்த நாளை அதன் மேலேயே எழுதி வையுங்கள், ஆறு வாரம்தான் ஆயுள். மூடியை முழுசாகத் திறந்தாலே ஒரு வேளை மருந்து தயாராகிவிடும். இழுக்காமல் மூடினால் அது வீண். வீட்டில் குழந்தைகள் திறந்து திறந்து விளையாடினால் மாத மருந்து ஒரு வாரத்தில் போய்விடும்.

இப்போது பம்பு. ஈரம் இதைத் தொடாது, ஏனென்றால் மருந்து உலோகக் குப்பிக்குள் அழுத்தத்தில் இருக்கிறது. இதன் எதிரி குளிர். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில், ஜன்னல் ஓரத்தில் கிடந்த குப்பி தெளிக்கும் தெளிப்பு பலவீனமாக இருக்கும், மருந்தின் பலன் குறையலாம். இரவில் அறைக்குள், தலையணைக்குப் பக்கத்தில் வையுங்கள். சில்லென்று இருந்தால் குப்பியைத் தனியே உருவி, உள்ளங்கைக்குள் சில நிமிடம் வைத்துச் சூடாக்குங்கள். அடுப்பு, வெந்நீர், கணப்பு எதன் பக்கமும் போகக் கூடாது; வெடிக்கும். ஒரு வாரத்துக்கு மேல் தொடாமல் இருந்த பம்பை, குலுக்கி இரண்டு முறை காற்றில் அடித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பம்பை நேராக வாயில் வைத்து அடிப்பவர்கள் பெரும்பாலும் மூச்சுக்கும் அழுத்தத்துக்கும் நேரம் தவறவிடுகிறார்கள். மருந்து நாக்கின் பின்புறம் அடித்து அங்கேயே தங்கிவிடும். ஸ்பேசர் இதைச் சரிசெய்கிறது. குலுக்குங்கள், ஸ்பேசரில் பொருத்துங்கள், மூச்சை விடுங்கள், ஒரே ஒரு அழுத்தம், நாலைந்து நொடி மெதுவாக இழுத்து, பத்து நொடி அடக்குங்கள். அடுத்தது அரை நிமிடம் கழித்து, மறுபடி குலுக்கி. இரண்டையும் சேர்த்து அடித்துவிட்டு ஒருமுறை இழுத்தால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து சுவரில் படிந்துவிடும். அடக்க முடியாத முதியவரும் குழந்தையும் ஸ்பேசரில் சாதாரணமாக ஐந்து மூச்சு இழுத்தால் போதும். கேப்சூலுக்கு வேகமான இழுப்பு, பம்புக்கு மெதுவான இழுப்பு: இரண்டையும் மாற்றிச் செய்வதுதான் நான் பார்த்தவரை முதல் பிழை.

ஸ்பேசரை வாரம் ஒருமுறை பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த நீரில் அலசி, துணியால் துடைக்காமல் உலரவிடுங்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஸ்பேசர் வாங்க முடியாத இடத்தில் 500 மி.லி. பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாக நுழையும் அளவுக்குத் துளை போட்டு, இடைவெளி இல்லாமல் ஒட்டிவிட்டு, பாட்டிலின் வாய் வழியாக இழுக்கலாம். 1999ல் வெளியான தென்னாப்பிரிக்க ஆய்வில், குழந்தைகளிடம் இப்படிச் செய்த பாட்டில், கடையில் வாங்கிய ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்தது.

சி.ஓ.பி.டி.: வேறு நோய், வேறு வரிசை

இங்கே ஸ்டீராய்டு முதல் மருந்து அல்ல. டையோட்ரோபியம், கேப்சூலில் 18 மைக்ரோகிராம், டையோவா பம்பில் 9 மைக்ரோகிராம் வீதம் இரண்டு அழுத்தம், நாளுக்கு ஒரே வேளை. நாலு வருடம் நடந்து 2008ல் முடிவு வெளியான யுப்லிஃப்ட் ஆய்வில், இது நுரையீரல் திறன் குறைவதன் வேகத்தை மாற்றவில்லை. ஆனால் நோய் திடீரென முற்றுவது குறைந்தது. கிளைகோபைரோனியம், 50 மைக்ரோகிராம் கேப்சூல், அதே குடும்பம், அதுவும் ஒரு வேளை. மூச்சுத் திணறல் தொடர்ந்தால் இவற்றோடு ஃபார்மோடெராலோ, அதே வகையைச் சேர்ந்த இண்டகாடெராலோ சேர்ந்த கூட்டு. டுவோவா, ஏர்ஸ்-எஃப், அல்டிப்ரோ இந்த வரிசை. 2016ல் வந்த ஃபிளேம் ஆய்வில் இண்டகாடெரால்-கிளைகோபைரோனியம் கூட்டு, சால்மெடெரால்-ஃபுளூட்டிகசோனைவிட நோய் முற்றுவதை நன்றாகத் தடுத்தது. அப்படியிருந்தும் சி.ஓ.பி.டி. என்றாலே செரோஃப்ளோ எழுதுவதும், அதையே வருடக்கணக்கில் தொடர்வதும் நடக்கிறது. உங்கள் சீட்டில் அது இருந்தால் காரணம் கேளுங்கள்.

மூன்று மருந்து சேர்ந்த டிரையோஹேல், டிரெலெஜி யாருக்கு? இரண்டு மருந்துக்குப் பிறகும் நோய் அடிக்கடி முற்றுகிறவருக்கு. அதிலும் ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 300 அல்லது அதற்கு மேல் இருந்தால் பலன் அதிகம். 100க்குக் கீழே என்றால் ஸ்டீராய்டால் லாபம் குறைவு. சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே இந்த எண் வந்துவிடும். 2018ன் இம்பாக்ட் ஆய்வில் மூன்று மருந்துக் கூட்டு, நோய் முற்றுவதைக் குறைத்தது உண்மை. ஸ்டீராய்டு இருந்த பிரிவுகளில் நிமோனியா கூடியதும் உண்மை. "மூன்று இருக்கிறது, அதனால் உசத்தி" என்று வாங்கக் கூடாத மருந்து இது.

இந்த மலையில் இன்னொரு கேள்வி முக்கியம். யுப்லிஃப்ட் போன்ற பெரிய ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் புகைபிடிப்பவர்கள் அல்லது பிடித்து விட்டவர்கள். பீடியையே தொடாமல், ஜன்னல் சாத்திய சமையலறையில் விறகடுப்பின் முன் முப்பது வருடம் நின்ற பெண்ணுக்கும் இதே நோய் வருகிறது. மருந்து வரிசை அவருக்கும் இதுதான். ஆனால் அடுப்புப் புகை தொடரும்வரை எந்தப் பம்பும் முழுப் பலன் தராது. குளிருக்காக அறைக்குள் கரிக் கணப்பு வைப்பதும் அதே கணக்கில்தான் சேரும். ஆஸ்துமாவா, சி.ஓ.பி.டி.யா என்று பிரிக்க, நுரையீரல் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி ஊதிப் பார்க்காமல் வருடக்கணக்கில் மருந்து எடுப்பது சரியில்லை.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவர்களுக்கு: ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைவு. ஆரோக்கியமானவருக்கே எண் சமவெளியைவிடச் சில புள்ளிகள் குறைந்து நிற்கும். நன்றாக இருக்கும் நாளில் உங்கள் வீட்டில் காட்டும் எண்ணைக் குறித்து வைத்து, அதிலிருந்து சரிவதைக் கவனியுங்கள். ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃபுளோ மீட்டருக்கும் இதேதான். கோயம்புத்தூரில் ஊதிய எண்ணோடு ஊட்டியில் ஊதியதை ஒப்பிடாதீர்கள்.

பக்க விளைவு, செலவு, தேவையில்லாதவை

ஸ்டீராய்டு உள்ள எதை எடுத்தாலும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் படலம், குரல் கம்மல். பல் துலக்குவதற்கு முன்பாக எடுத்தால் மறக்காது. டையோட்ரோபியம், கிளைகோபைரோனியத்தில் வாய் வறளும். புராஸ்டேட் வீக்கமோ கண் அழுத்த நோயோ இருப்பவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

புடெசோனைட்-ஃபார்மோடெராலும் டையோட்ரோபியமும் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம், அரசு மருத்துவமனை மூன்றிலும் கேட்டுப் பாருங்கள். கம்பெனிப் பெயரைச் சொல்லாமல் மருந்தின் பெயரையும் அளவையும் சொல்லிக் கேளுங்கள். பம்பு தீர்ந்ததா என்று காதருகே ஆட்டிப் பார்ப்பது பயன் தராது. மருந்து தீர்ந்த பிறகும் உந்துவாயு மிச்சம் இருக்கும். எண் காட்டி இல்லாத பம்பில் தொடங்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள். 120 அழுத்தம், நாளுக்கு நாலு என்றால் சரியாக ஒரு மாதம்.

மருந்தை ஆவி போல் மாற்றித் தரும் மின்கருவியான நெபுலைசரை வீட்டுக்கு வாங்க அவசரப்படாதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு ஸ்பேசரோடு பம்பு அதே வேலையைச் செய்யும், மின்சாரம் போனாலும் செய்யும். ஆஸ்துமாவுக்கு எழுதப்படும் மாண்டெலுகாஸ்ட் மாத்திரை பம்புக்கு மாற்று அல்ல. மனநிலை மாற்றங்களுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020ல் அதன்மேல் கடும் எச்சரிக்கை போட்டது. நீலகிரித் தைலம் நம் ஊர்ச் சரக்கு, மூக்கடைப்புக்குச் சுகம் தரும். ஆஸ்துமாவை அது அடக்காது, சிலருக்கு அந்த நெடியே இரைப்பைக் கிளப்பிவிடும்.

எஸ்டேட்டிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு இறங்க நேரமாகும் என்பதால் கடைசியாக இது தெரிந்திருக்கட்டும். ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாத அளவுக்கு ஆஸ்துமா இரைப்பு வந்தால் முதலில் 108ஐக் கூப்பிடுங்கள். ஆளை உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். சால்பூட்டமால் பம்பை ஸ்பேசரில் மாட்டி, ஒவ்வொன்றாக நாலு முதல் பத்து அழுத்தம். வண்டி வரும்வரை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, முதல் ஒரு மணி நேரத்துக்கு இதைத் திரும்பச் செய்யலாம். உதடு நீலம் பாய்ந்தாலோ, ஆள் அரைமயக்கத்துக்குப் போனாலோ, இரைப்புச் சத்தம் திடீரென்று நின்று மூச்சு மட்டும் திணறினாலோ 108க்காகக் காத்திருக்காமல் கிடைக்கும் வண்டியில் ஏற்றுங்கள். போகிற வழியிலும் ஸ்பேசர் வாயில் இருக்கட்டும்.